உப்புக் காற்றில் ஒரு கணினி

தீவகத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ வீடு கட்டியவர் எவரைக் கேட்பினும், யன்னற் கம்பியும் படலைக் கொண்டியும் எத்தனை முறை மாற்றப்பட்டன என்பதை விரல் மடக்கிச் சொல்வர். புதிதாக வேய்ந்த கூரைத்தகடு சில மாரிகளுக்குள் சிவந்துவிடுகின்றது. எண்ணெய் விட மறந்த ஒரு கிழமையிலேயே துவிச்சக்கர வண்டியின் சங்கிலி முனகத் தொடங்குகின்றது. இத்தகைய மண்ணில் மிக நுண்ணிய பொறியாகிய கணினியை, அதிலும் அதன் இயல்பான வேகத்திற்கு மேலாக விரட்டி ஓட்டக் கருதிய ஒரு கணினியை, உறுப்பு உறுப்பாகத் தெரிந்து வாங்கிப் பூட்டுவதென்றால் எவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதை அண்மையில் எம் குடும்பத்தார் அனைவரும் அறிந்துகொண்டோம். அறிந்ததில் ஒரு பகுதியை வாசகர்களுக்குச் சொல்வது பயனுடையதென எண்ணி இதனை எழுதுகின்றோம். கணினித் துறையில் நாம் பண்டிதர் அல்லோம். ஆயினும் பணம் எம் வீட்டுப் பணம். வெப்பம் எம் ஊர் வெப்பம்.

எம் தமையனாரின் மகள் எமக்குப் பெறாமகள். வேலணையில் இருந்துகொண்டே படப்பிடிப்புத் தொழில் செய்கின்றாள். திருமணம், பூப்புனித நீராட்டு, ஆனியில் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழா ஆகியவற்றோடு மரணச் சடங்குகளையும் படம் பிடித்துக் கொடுப்பது அவளது வேலை. மரணத்தைப் படம் பிடிப்பதா என்று வெளியூரார் வியக்கக்கூடும். தீவகத்தார் வியவார். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் ஊர் பெயர்ந்து, பின்னர் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து என்று சிதறிப்போன குடும்பங்கள் இங்கே எத்தனையோ. தாய் இங்கே கண்மூட, பிள்ளைகள் நால்வரும் நான்கு தேசங்களில் இருப்பர். இருவருக்கு விடுமுறை கிடையாது, ஒருவருக்குக் கடவுச்சீட்டுக் கிடையாது. அவர்கள் தாயின் முகத்தைக் கடைசியாகக் காண்பது இந்தப் படத்தில்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட்டு வழங்குவது எம்மவர் நெடுநாளைய வழக்கம். இன்று அக்கல்வெட்டோடு வீடியோவும் அன்று காலைக்குள் கையில் இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கின்றனர். முப்பத்தோராம் நாளை ஒத்திவைக்க எவராலும் இயலாது அல்லவா?

அவளிடம் இருந்ததோ ஒரு மடிக்கணினி. அதன் பெயர் வேண்டாம். சித்திரை வெயிலில் அது அரை மணி நேரம் உழைத்தவுடன் கை வைக்க முடியாதபடி கொதித்து, வேகம் பாதியாகக் குறைந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு முப்பதாம் நாள் இரவு, மூன்று மணி நேரப் படத்தைச் சேர்த்து முடிக்கும் தறுவாயில் அது தானாகவே அணைந்தது. மீண்டும் தொடங்கிற்று, மீண்டும் அணைந்தது. மறுநாட் காலை அந்தக் குடும்பத்தாரின் கையிற் கிடைத்தது முதற் பாதி மாத்திரமே. சுடலைக்குப் போகும் பகுதியும், பிள்ளைகளின் சார்பிலே பேரன் கொள்ளிக்குடம் தூக்கிய பகுதியும் இரண்டு நாட் கழித்தே போய்ச் சேர்ந்தன. எவரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவள் ஒரு கிழமை சரியாக உண்ணவில்லை.

"இப்பிடியே இன்னும் ஒரு வருஷம் போனால் கொழும்புக்கு வேலை தேடிப் போறதைத் தவிர வேற வழியில்லை, குஞ்சியப்பா" என்றாள். ஊரில் மிஞ்சியிருக்கும் இளையோர் சிலரில் ஒருத்தி. தமையனார் ஒன்றும் பேசவில்லை. அண்ணியார் தம் காப்புச் சோடியைக் கழற்றி வைத்தார். அது அடைவுக்குப் போயிற்று. இனிக் கணினி தெரிவு செய்வது விளையாட்டுக் காரியமன்று என்பது அப்பொழுதே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ரொறன்ரோவில் இருக்கும் அவளது மச்சான் ஒருவர் தொலைபேசியில் யோசனை கூறினார். இன்ரெல் கோர் ஐ9-14900கே என்னும் செயலியை வாங்கி, மும்மின்விசிறித் தண்ணீர்க் குளிரூட்டி பூட்டி, ஓவர்குளொக் செய்தால் அதற்கு ஈடில்லை என்பது அவரது தீர்ப்பு. அங்கே யன்னலைத் திறந்தால் ஆறு மாதம் இலவசக் குளிர். அவர் சொல்வது அவருக்குச் சரி. நாம் தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தோம்.

செயலி என்பது கணினியின் மூளை என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அந்த மூளை ஒரு தாளத்திற்கு வேலை செய்கின்றது. ஒரு கிகாஹேட்ஸ் என்றால் வினாடிக்கு நூறு கோடித் தட்டு. உற்பத்தி செய்தவர் குறித்த தாளத்திற்கு மேலே அதனை ஓட்டுவதே ஓவர்குளொக். தவிற்காரர் கீழ்க்காலத்தில் வாசிப்பதை மேற்காலத்திற்கு ஏற்றுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்; ஆள் வல்லவராயின் சோபிக்கும், இல்லையேல் தாளம் தப்பும். 1998 இல் இன்ரெல் வெளியிட்ட செலரொன் 300ஏ என்னும் மலிவான செயலி 300 மெகாஹேட்ஸுக்கென விற்கப்பட்டது. அதன் பாட்டையின் வேகத்தை 66 இலிருந்து 100 ஆக மாற்றினால், அவற்றுட் பல சிறிதும் முணுமுணுக்காமல் 450 இல் ஓடின. அரைப்பங்கு வேகம் காசில்லாமற் கிடைத்தது! மேலைநாட்டு மாணவர் பலருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அக்காலத்திலேதான்.

பொறியை அதன் எல்லை கடந்து ஓட்டுவதில் எம்மவர் சளைத்தவர்களும் அல்லர். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியது யாழ்ப்பாணம். சில துளி பெற்றோல் காட்டி இயந்திரத்தை எழுப்பிவிட்டு, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மின்சாரம் இல்லாதபோது துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்தக் கார்கள் புகைத்தன, இருமின, சூடேறின. ஆயினும் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசேர்த்தன. அவற்றை ஓட்டிய முதியவர் ஒருவர் எமக்குச் சொன்ன பாடம் ஒன்றே: தண்ணீரைப் பார்த்துக்கொள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

கணினியிலும் கதை வெப்பத்திலேயே வந்து நிற்கின்றது. செயலி உண்ணும் மின்வலு, தாளத்தின் வேகத்தோடு நேராகவும், கொடுக்கும் உவோல்ற்றளவின் வர்க்கத்தோடும் ஏறுகின்றது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட வேண்டுமாயின் உவோல்ற்றளவையும் ஏறக்குறைய அவ்வளவு கூட்ட வேண்டி வருவதுண்டு. அப்பொழுது 1.1 ஐ மும்முறை பெருக்க 1.331 வரும். பத்து விழுக்காட்டு வேகத்திற்காக மூன்றிலொரு பங்கு மேலதிக வெப்பத்தை வாங்குகின்றோம் என்பது இதன் பொருள். இந்தப் பெருக்கலைப் பெறாமகளுக்குக் காட்டியபோது அவள் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னொரு காலத்தில் இவ்வெப்பம் தொல்லை தரவில்லை. ஐபிஎம் நிறுவனத்து ரொபேட் டெனாட் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1974 இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். திரான்சிஸ்டர்கள் சிறுக்குந்தோறும் அவற்றின் உவோல்ற்றளவையும் அதே அளவிற் குறைக்கலாம். ஆகவே சதுர மில்லிமீற்றர் ஒன்றில் எழும் வெப்பம் ஏறாது. முப்பது ஆண்டுக் காலம் கணினிகள் வேகத்தில் வளர்ந்தது இந்தச் சலுகையினாலே. பின்பு உவோல்ற்றளவு குறைய மறுத்தது. மின் கசிவு பெருகிற்று. கொதிப்புக்குப் பேர்போன பென்ரியம் 4 இன் அடுத்த வாரிசாக வரவிருந்த ரேஜாஸ் என்னும் செயலியை இன்ரெல் 2004 மே மாதத்திற் கைவிட்டது. அதன் பிறகு ஒரு மூளையை மேலும் வேகமாக்குவதை விட்டு, ஒரே சில்லில் பல மூளைகளை வைக்கத் தொடங்கினர். வீடியோ சேர்ப்பவருக்கு இது நல்ல காலம். ஒரே படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பன்னிரண்டு மூளைகள் பங்கிட்டுச் செய்யலாமன்றோ?

நிற்க. இன்றைய செயலிகள் வாங்கும்போதே ஓவர்குளொக் செய்யப்பட்டவை என்று சொல்லலாம். வெப்பமும் மின்வலுவும் இடங்கொடுக்கும்வரை தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. தேங்காயின் முதற்பாலையும் இரண்டாம் பாலையும் தொழிற்சாலையிலேயே பிழிந்துவிட்டனர். நாம் முறுக்கிப் பிழிவது மூன்றாம் பால். செலரொன் காலத்து நினைப்போடு இன்று பிழியப் போனால் கைதான் நோகும்.

இனி, தெரிவுக்கு வருவோம். மச்சான் சொன்ன 14900கே 2023 ஒக்ரோபரில் வந்தது. எட்டுப் பெரியனவும் பதினாறு சிறியனவுமாக இருபத்துநான்கு மூளைகள். உச்சத்தில் 6 கிகாஹேட்ஸ். ஆனால் முழுமூச்சாக உழைக்கையில் 253 உவாற்று வரை உண்பதாகத் தயாரித்தவரே குறிப்பிட்டுள்ளனர். எல்லையைத் திறந்துவிட்டால் அதற்கும் மேலே போகும். மேலும் 2024 இல் வெளிப்பட்ட ஒரு செய்தி எம்மைத் தயங்கவைத்தது. இன்ரெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைச் செயலிகள் பல, தேவைக்கு மிஞ்சிய உவோல்ற்றளவு சென்றமையால் நாளடைவில் நிலைகுலைந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் நிறுவனம் ஒரு திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் செய்யப்பட்ட செயலி நன்றாகவே ஓடலாம். ஆயினும் உத்தரவாதம் என்பது கொழும்பில் இருப்பவருக்கு ஒன்று, நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் தீவில் இருப்பவருக்கு வேறொன்று. செயலியைப் பொதிசெய்து அனுப்பி மாற்றுப் பொருளுக்குக் காத்திருக்கும் நாட்களில் எத்தனை முப்பத்தோராம் நாட்கள் வந்து போகும்!

ஏஎம்டி நிறுவனத்தின் பக்கம் திரும்பினோம். அங்கே எம்மை வியக்கவைத்தது ஓர் இரட்டைப் பிள்ளை. 2022 செப்ரெம்பரில் வந்த ரைசன் 9 7900எக்ஸ், 2023 ஜனவரியில் வந்த ரைசன் 9 7900 ஆகிய இரண்டுக்கும் பன்னிரண்டு மூளைகள்; இரண்டும் ஒரே வார்ப்பு. மூத்தது 170 உவாற்று என்று முத்திரையிடப்பட்டு 230 வரை உண்ணும். இளையது 65 என்று முத்திரையிடப்பட்டு 88 உவாற்றோடு அடங்கும். வெளியான நாளில் மூத்ததன் விலை 549 டொலர். இளையதன் விலை 429, அதுவும் பெட்டிக்குள் ஒரு குளிரூட்டியோடு. 2022 இன் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர் அவ்வாண்டே முந்நூற்று அறுபதைத் தொட்டதைக் கண்ட நாட்டில் நூற்றிருபது டொலர் அற்பத் தொகையன்று. வேகத்தில் எவ்வளவு குறைவு என்று பார்த்தால், எல்லா மூளைகளும் உழைக்கும் வேலையில் பதினைந்து விழுக்காடு, மிஞ்சினால் இருபது. இரண்டரை மடங்கு மின்வலுவை ஊட்டி வாங்குவது இவ்வளவுதான். கடைசிக் கவளத்திற்குத்தான் விலை அதிகம்.

இளையதையும் விரும்பினால் ஓவர்குளொக் செய்யலாம். ஏஎம்டி அதற்குப் பூட்டுப் போடவில்லை. இதைச் சொன்னபோது பெறாமகளின் முகம் மலர்ந்தது. எதற்கும் கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும் என்பது இளையோர் இயல்பு. அது பூட்டப்படும் ஏஎம்5 வகை மதர்போட்டுக்கு 2027 இற்கு அப்பாலும் புதிய செயலிகள் வரும் என்று நிறுவனம் அறிவித்திருப்பதும் சேர்ந்து, தமையனார் தலையசைத்தார். ஓவியச் சில்லு, நினைவகம் முதலியவற்றைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. அவை காசுக்கேற்ற அளவில் அமைந்தன.

குளிரூட்டி பற்றிய வாதம் இதனிலும் நீண்டது. பெறாமகளுக்குத் தண்ணீர்க் குளிரூட்டியில் ஒரு மோகம். வண்ண விளக்கும் கண்ணாடியுமாக அது அழகுதான். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். தண்ணீராயினும் காற்றாயினும் வெப்பம் இறுதியில் வந்து சேருமிடம் அறைக் காற்றே. தண்ணீர் அதனைச் சுமந்துசெல்லும் வண்டி மாத்திரமே. அவ்வண்டிக்கு ஒரு சிறு பம்பி உண்டு. அது நின்றால் எல்லாம் நின்றது. மூடிய குழாய்களினூடாகவும் தண்ணீர் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறையும். பெரும்பாலானவற்றில் மீண்டும் நிரப்ப வழியில்லை. கோபுரக் குளிரூட்டியில் கெடக்கூடியது விசிறி ஒன்றே. விசிறி யாழ்ப்பாணப் பட்டினத்தில் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். நாலு கம்பிக் கொளுவி, பத்து நிமிட வேலை.

கோபுரத்தின் உள்ளே நடப்பதை அண்ணியாருக்கு விளக்கியது எமக்கே பிடித்திருந்தது. செம்புக் குழாய்கள் சில, உள்ளே காற்று அகற்றப்பட்டு, சிறிதளவு நீர் மாத்திரம் விட்டு மூடப்பட்டிருக்கும். அடியில் செயலியின் சூட்டினால் நீர் ஆவியாகி மேலே ஏறும். அங்கே அலுமினியத் தகடுகளிடையே விசிறி காற்றைச் செலுத்த, ஆவி குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலம் வழியே மறுபடியும் கீழே வரும். நீத்துப்பெட்டியிற் பிட்டு அவிக்கும்போது மூடியில் ஆவி பட்டுத் துளியாக விழுவதில்லையா, அதுவே இது. காற்றகற்றிய குழாயில் நீர் நூறு பாகைக்கு மிகக் கீழேயே கொதிக்கும் என்பது ஒன்றே வேறுபாடு. அமெரிக்காவில் லொஸ் அலமொஸ் ஆய்வுக்கூடத்தில் ஜோர்ஜ் குரோவர் என்பவர் 1963 இல் இத்தகைய குழாயைச் செய்துகாட்டினார். விண்கலங்களுக்குப் பயன்பட்ட அதே உபாயம் இன்று வேலணையில் ஒரு மேசைக்கடியில் உழைக்கின்றது.

கடையில் எடுத்தது ஆறு குழாய், இரட்டைக் கோபுரம், இரண்டு 120 மில்லிமீற்றர் விசிறி கொண்ட ஒன்று. பெட்டியோடு வந்த குளிரூட்டி 88 உவாற்றுக்குப் போதும். ஆனால் அதன் விசிறி வேகமாகச் சுழன்று இரைய வேண்டியிருக்கும். படம் சேர்ப்பது இரவில். பக்கத்து அறையில் அண்ணியார் உறங்குகின்றார். பெரிய கோபுரமாயின் விசிறி மெல்லச் சுழன்றாலே போதும். மேலும் பின்னொரு காலத்தில் சற்று விரட்டிப் பார்க்க விரும்பினால் அதற்கு இடமும் இருக்கும். இந்த நியாயத்தை முன்வைத்து வென்றவள் பெறாமகளே.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டார் குளிரூட்டிகளைப் பரிசோதிக்கும் அறைகள் பெரும்பாலும் 21, 22 பாகை செல்சியஸில் இருக்கும். அங்கே செயலி 72 பாகை காட்டினால், 34 பாகை வெயிலில் எம் ஊரில் 84 ஐ எதிர்பார்க்க வேண்டும். அறை எத்தனை பாகை ஏறுகின்றதோ, ஏறத்தாழ அத்தனை பாகை செயலியும் ஏறும். இவ்வகைச் செயலிகளின் எல்லை 95 பாகை. அதனைத் தொட்டால் அவை எரிந்துபோவதில்லை. தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ரொறன்ரோவில் வெற்றி பெறும் ஓவர்குளொக் இங்கே சித்திரையில் தன்னைத்தானே தின்றுவிடும். அறையையும் மறக்கலாகாது. முந்நூறு உவாற்று உண்ணும் பொறி, அறுபது உவாற்றுப் பழைய குமிழ் விளக்கு ஐந்தைக் கதவு சாத்திய அறையில் எரிப்பதற்குச் சமம்.

அப்படியாயின் பனிக்கட்டி போலக் குளிர்வித்தால் என்ன என்று ஒரு சிறுவன் கேட்டான். கேட்டது நியாயமே. உலக சாதனைக்காரர் திரவ நைதரசனும் திரவ ஈலியமும் ஊற்றுகின்றனர். இன்ரெலின் 14900 வகைச் செயலி ஒன்று 9 கிகாஹேட்ஸைத் தாண்டியது திரவ ஈலியத்திலேதான். அது சில வினாடி வேடிக்கை. எம் ஊரில் இரவுக் காற்று பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன்மீதும் பனி படியும் இரவுகள் பல. குளிர்ந்த சோடாப் போத்தலை வெளியே எடுத்து வைத்தால் வியர்க்கின்றதே, அதுபோல மதர்போட் வியர்த்தால் என்னவாகும் என்று சொன்னோம். சிறுவன் வாய் மூடிக்கொண்டான்.

உண்மையில் எமக்குப் பெரும் பகை வெப்பமன்று, உப்பு. சோழகம் வீசும் மாதங்களில் கடலிலிருந்து எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து எங்கும் படிகின்றன. கறியுப்பின் குணம் ஒன்றைப் பள்ளியிற் படித்திருப்போம்: காற்றின் சாரீரப்பதன் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். செம்பையும் அலுமினியத்தையும் ஒன்றோடொன்று பொருதவைத்து அரிக்கும். இதிலிருந்து எழுந்த ஒரு முடிவு எமக்கே புதுமையாயிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி உள்ளே சூடாயிருப்பதால் அங்கே ஈரம் தங்காது. ஓடாமற் கிடக்கும் கணினிக்கே ஆபத்து அதிகம். பழுதாகிவிடும் என்று பயந்து மூடி வைத்திருப்போர் அதனைப் பழுதாக்குகின்றனர். மாரியிலும் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓட்டுதல் நன்று.

பெட்டியையும் இந்த நோக்கோடே தெரிந்தோம். காற்று உட்புகும் முகத்தில் நுண்வலை. உள்ளே தள்ளும் விசிறி மூன்று, வெளியே தள்ளும் விசிறி ஒன்று. உட்செல்வது மிகுதியாயிருந்தால் இடுக்குகளினூடே காற்று வெளியேறுமேயன்றி, வடிக்கப்படாத காற்று உள்ளே நுழையாது. நெடுந்தீவில் சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் மதில்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அவை புயற்காற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை, சல்லடையிட்டு விடுகின்றன. கணினி வைத்த இடம் வீட்டின் வடகீழ் மூலை அறை. தென்மேற்கிலிருந்து வரும் சோழகம் நேரே படாது. தமையனார் முதலில் யன்னலோரம் மேசையைப் போட்டு வைத்திருந்தார், காற்று வரட்டும் என்று. மேசை நகர்த்தப்பட்டது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. வேலணை பிரதான மின்வலையோடு இணைந்தது. கடல் நடுவே தனித்திருக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே காலங்கழித்தவை. அம்மூன்று தீவுகளுக்கும் காற்றும் கதிரவனும் சேர்ந்த கலப்பு மின்நிலையங்கள் அமைக்க இந்திய நன்கொடையோடு 2022 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதே மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இருந்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார். 88 உவாற்றுச் செயலியைத் தெரிந்ததன் இன்னொரு பலன் இங்கே கிடைத்தது. மின்தடைக்கான யூபிஎஸ் மலிவான சிறிய அளவினதாயினும், செய்த வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்குப் போதிய நேரம் தருகின்றது. உவோல்ற்றளவு ஏறி இறங்குவதைத் தானே சீர்செய்யும் வகையைக் கேட்டு வாங்கினோம். இது ஓரிரு ஆயிரம் கூட, கொடுக்கலாம்.

பெட்டிகளைப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தனர். பூட்டியவள் பெறாமகளே, நாம் விளக்குப் பிடித்தோம். செயலிக்கும் கோபுரத்திற்கும் இடையே பூசும் வெப்பப் பசையை எவ்வளவு பூசுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. பயற்றம்பருப்பளவு நாலைந்து இடத்தில் வைத்து அழுத்தினாள், சரியாகப் பரவிற்று. குறைவாக இடுவதே தீது, சற்று மிகுந்தால் விளிம்பில் வழியும் அவ்வளவே.

வைகாசி நடுப்பகல், அறையில் 33 பாகை. ஒரு மணி நேரம் எல்லா மூளைகளையும் உழைக்க விட்டுப் பார்த்தோம். செயலி 66 பாகையில் நின்றது, அசையவில்லை. அண்ணியார் வந்து பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்து, "இது வேலை செய்யுதோ?" என்றார். முன்னர் மடிக்கணினி மூன்று மணி நேரம் எடுத்த படம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

ஓவர்குளொக் என்னவாயிற்று என்று இளைய வாசகர் கேட்பர். பெறாமகள் அதனை விட்டுவிடவில்லை. மார்கழியில் வாடைக் காற்றோடு அறை 25 பாகைக்கு இறங்கியதும், மின்வலு எல்லையை 88 இலிருந்து 130 உவாற்றுக்கு உயர்த்தி, ஒவ்வொரு மூளைக்கும் செல்லும் உவோல்ற்றளவைச் சிறிது குறைத்து, ஓர் அமைப்பைச் செய்து வைத்தாள். உவோல்ற்றளவைக் குறைத்தாலும் நிலைகுலையாத இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நான்கு இரவு பிடித்தது. ஒவ்வோர் அடியும் இறக்கி, மூன்று மணி நேரம் பரிசோதித்து, குறிப்பேட்டில் எழுதினாள். வேகம் பத்து விழுக்காட்டளவு கூடிற்று. செயலி 70 ஐத் தாண்டவில்லை. பங்குனி பிறந்ததும் பழைய அமைப்பு. மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. புகையிலைக்கும் வெங்காயத்திற்கும் பருவம் பார்க்கும் மண்ணில் கணினிக்கும் பருவம் பார்ப்பதில் வியப்பென்ன என்று தமையனார் நகைத்தார்.

மாதமொரு முறை நுண்வலையைக் கழற்றி, மென்தூரிகையால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பூட்டுகின்றாள். கிணற்று நீர் உவரென்பதால் குடிநீரைத்தான் எடுக்க வேண்டும். அண்ணியாருக்கு அது பிடிக்கவில்லை. கோபுரத்துத் தகடுகளில் ஈரத் துணி படக்கூடாது, ஊதியால் ஊதுவதே முறை. மேலதிகமாக வாங்கிய விசிறி ஒன்று, காலணிப் பெட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகள் நாலைந்துடன், பிஸ்கட் தகரம் ஒன்றினுள் இறுக மூடி அலுமாரியின் மேற்தட்டில் இருக்கின்றது. காப்புச் சோடியில் ஒன்று ஆவணியில் மீட்கப்பட்டது. மற்றது தைக்கு என்கின்றாள்.